நாலாயிரத்து நூற்றுப் பதினாலாவது சாதனம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. நம் பக்கத்துக் காடுகளில் சிங்கமே கிடையாதே என்று கேட்கிறவர்கள் இந்தக் கதையை விட்டுவிட்டு வேறு உருப்படியான வேலையைப் பார்க்கலாம். கதை என்றால் சிங்கம் இருக்கும். சிங்கம் இருந்தால் அது ராஜாவாகத்தான் இருக்கும். ராஜாவாக இருப்பதால் வேறு எந்த வேலையும் செய்யாது.

அந்தக் காட்டுக்கு நெட் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ‘காட்டு வலை’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மரத்துக்கு மரம் வயர் இழுத்து, கிளைக்குக் கிளை பெட்டி மாட்டி, முயல், மயில், காட்டுப்பன்றி என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஆளுக்கொரு போன் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் அந்தக் காட்டில் ஒரு பழக்கம் இருந்தது. மர உச்சியில் உட்கார்ந்திருக்கும் மந்திகள் சிறுத்தையைக் கண்டால் தொண்டை கிழியக் கத்தும். கீழே மேய்கிற மான்கள் ஓடிவிடும். இதற்குப் படிவமும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது. நெட் வந்ததும், இப்படிக் கத்துவது நாகரிகமில்லை என்று மந்திகளுக்குச் சுற்றறிக்கை போனது. இனிமேல் சிறுத்தையைக் கண்டால் போனில் தட்ட வேண்டும். மந்திகளும் கிளையில் குந்திக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ‘சிறுத்தை வருகிறது’ என்று ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் தட்டின. அந்தச் செய்தி மான்களுக்குப் போய்ச் சேர முதலில் அரை மணி நேரம் ஆனது. பிறகு அரை நாள். இப்போது மூன்று நாள். சிறுத்தைக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

மான்கள் மனுக் கொடுத்தன. மனுக்கள் நெட் வழியாக மட்டுமே பெறப்படும் என்று அறிவித்திருந்ததால், அது கிளம்பி நாலு மாதமாக வந்துகொண்டே இருந்தது.

ராஜாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தாலும், ஒரு மானைச் சிறுத்தை தின்றுவிட்டதே என்று சிங்கம் எந்த முகத்தோடு வருத்தப்படும்? அவருக்கு வேறு பொழுதுபோக்கு இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூரதேசத்துச் சிங்கம் ஒன்று வேட்டையாடுகிற வீடியோவைப் போட்டுப் பார்ப்பார். தானே வேட்டையாடி வெகு காலம் ஆகிவிட்டது. ஒரு நாள் நானூறு காட்டுக்கோழிகளுக்குப் புதிதாகப் போன் கொடுத்தார்கள். அதற்கு மறுநாள், அந்தத் தூரதேசத்துச் சிங்கம் எருமை மேல் பாய்கிற நேரத்தில் படம் நின்றுவிட்டது. அந்தரத்தில் தொங்குகிற சிங்கத்தைப் பார்த்தபடி நம் ராஜா சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து நின்று கர்ஜித்தார்.

மூன்று வருஷமாக இருந்த பிரச்சினை அன்றைக்குத்தான் பிரச்சினை ஆனது.

காட்டு வலை அலுவலகம் ஆற்றங்கரை ஆலமரத்தடியில் இருந்தது. அதன் கண்காணிப்பாளர் கூர்மநாதன் என்கிற ஆமை. கேள்வி எதுவும் வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வதில் அவருக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம். அந்த ஒரு தகுதியில்தான் மேலே மேலே வந்தார். அவருக்குக் கீழே பெயருக்குப் பத்துப் பேர் இருந்தாலும், மரம் ஏறி வேலை பார்க்கிறவள் ஒருத்திதான். பொற்கொடி என்கிற மரங்கொத்தி. வயர் இழுத்த நாளிலிருந்து அவள் தற்காலிகப் பணியாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுடைய ஒப்பந்தம் முடியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் போய் நிற்பாள். கூர்மநாதன் பெரிய உபகாரம் செய்வதுபோல் நீட்டித்துத் தருவார்.

கர்ஜனைக்கு மறுநாள் காலையில் அவர் அவளைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை.

“ஏம்மா பொற்கொடி, ராஜா கர்ஜிச்சது காதுல விழுந்துச்சா?”

“காடு முழுக்க விழுந்துச்சு சார். மூணு வருஷத்துல உடனே போய்ச் சேர்ந்த ஒரே செய்தி அதுதான்.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நெட்டை எது இப்படி அடைக்குதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சாகணும். கண்டுபிடிச்சா, உன் பணி நிரந்தர ஆணை தயாரா இருக்கு. ராஜா கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இல்லேன்னா ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது. அந்த வேங்கை மரத்துப் பொந்தையும் காலி பண்ணிரு. அது ஆபீஸ் குடியிருப்பு.”

“சார், பொந்துல முட்டை இருக்கு. ரெண்டு. என் வீட்டுக்காரர் அடைகாத்துக்கிட்டிருக்கார்.”

“கையோட எடுத்துட்டுப் போயேன்.”

மணலைத் தோண்டி முட்டையைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற இனம் அது. அதற்கு என்ன தெரியும்? மரங்கொத்தி முட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு மாற முடியாது. பொந்து போனால் முட்டையும் போனதுதான். இதை ஆமைக்குப் புரியவைக்கிற நேரத்தில் வேலையைப் பார்க்கலாம் என்று அவள் பறந்துவிட்டாள்.

முதல் காரியமாகப் பதிவேட்டைப் பார்த்தாள். காட்டு வலையில் சேர்கிற எந்தச் சாதனமாக இருந்தாலும் அதில் ஏற வேண்டும் என்பது விதி. மொத்தம் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. பிறகு தன் கருவியை வயரில் மாட்டி, உண்மையில் எத்தனை சாதனம் பேசிக்கொண்டிருக்கிறது என்று எண்ணினாள். நாலாயிரத்து நூற்றுப் பதினாலு. பதிவேட்டுக்கு வெளியே இரண்டு.

அந்த இரண்டில் ஒன்று அவளுக்குத் தெரியும். அது அவள் கையில் இருந்த கருவியேதான். எந்த வயரில் எவ்வளவு நெரிசல், சிக்னல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காட்டுகிற சின்னப் பெட்டி. அதை அலுவலகம் வாங்கித் தரவில்லை. மூன்று முறை கேட்டு அலுத்துப் போய் அவளே வாங்கியது. அதைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி அவள் நடையாய் நடந்ததும், கூர்மநாதன் சொன்ன பதிலும் அலுவலகத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்.

“நீ சொந்தமா வாங்கினதும்மா. ஆபீஸ் பொருள் இல்ல. ஏத்த முடியாது.”

“அப்ப ஆபீஸ்ல ஒண்ணு வாங்கித் தாங்க சார்.”

“ஏற்கெனவே ஒண்ணு இருக்கும்போது எப்படி வாங்குறது?”

“எங்க சார் இருக்கு?”

“உன் கையில.”

பொற்கொடி நேர்மையானவள். நேர்மையானவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், கேட்காததையும் எழுதி வைப்பார்கள். ‘கூடுதலாகத் தெரியும் இரண்டு சாதனங்களில் ஒன்று என்னுடைய சோதனைக் கருவி. மற்றொன்று எது எனத் தெரியவில்லை’ என்று முதல் நாள் அறிக்கையில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கூர்மநாதன் அதைப் படிக்காமல் கோப்பில் செருகினார்.

அடையாளம் தெரியாத சாதனம் என்ற வார்த்தை வெளியே கசிந்ததும் காடே அல்லோலகல்லோலப்பட்டது. பக்கத்துக் காட்டுக்காரன் உளவு பார்க்கிறான் என்றது கரடி. பெருச்சாளி வளைக்குள் உட்கார்ந்து படம் பார்க்கிறது என்றது காட்டுப்பூனை. உடனே ஒரு குழு போட்டார்கள். காட்டெருமை தலைமையில் ஏழு பேர். அந்தக் குழு செவ்வாய், புதன் இரண்டு நாளும் புற்று புற்றாக, வளை வளையாகப் போய் ஒரு படிவத்தைக் கொடுத்தது. ‘தங்களிடம் அடையாளம் தெரியாத சாதனம் ஏதும் உள்ளதா? ஆம் எனில், அதன் அடையாளங்களைக் குறிப்பிடுக.’ இதைத் தயாரித்த அறிவாளி யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லாரும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு முயல் மட்டும் பயத்தில் ‘ஆம்’ என்று எழுதி, அடையாளம் என்ற இடத்தில் தன் காதின் நீளத்தை எழுதியது. அதை இரண்டு நாள் விசாரணையில் வைத்திருந்தார்கள்.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில் பொற்கொடி தன் பாட்டுக்கு மரம் மரமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவள் செய்தது எளிய வேலை. காட்டு வலைக்கு ஐந்து வழி: ஆற்றோரம், மூங்கில் காடு, பாறைமேடு, புல்வெளி, அரண்மனை. ஒரு வழியை ஐந்து நிமிஷம் துண்டித்துவிட்டு, மற்ற வழிகளில் நெரிசல் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். எதைத் துண்டிக்கும்போது காடு மூச்சு விடுகிறதோ, அங்கே இருக்கிறது கோளாறு. ஆற்றோரத்தைத் துண்டித்தாள். கொஞ்சம் குறைந்தது. மூங்கில் காடு, பாறைமேடு, அதே கதை. அங்கிருக்கிற போன்கள் நின்ற அளவுக்குத்தான் குறைந்தது.

புதன்கிழமை மத்தியானம் புல்வெளிக்கு வந்தாள். ஒரு புதருக்குள் பச்சை விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தாள். ஒரு போன். பக்கத்தில் காய்ந்த ரத்தமும் ஒரு கொம்புத் துண்டும் கிடந்தன. பதிவேட்டின்படி அது ஒரு புள்ளிமானுடைய போன். மான் போய் ஒரு மாதம் இருக்கும். வெயிலிலேயே சார்ஜ் ஏறுகிற தகடு ஒட்டிய போன் என்பதால் அது மட்டும் உயிரோடு இருந்தது. யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று பொற்கொடி தன் கருவியை அதில் மாட்டிப் பார்த்தாள்.

போனுக்கு ஓயாமல் ஒரே செய்தி வந்துகொண்டிருந்தது: ‘மாமன்னர் இன்று காட்டு வலையைத் தொடங்கிவைத்தார்.’ ஒவ்வொரு முறையும் போன் தானாகவே பதில் அனுப்பிக்கொண்டிருந்தது: ‘மகிழ்ச்சி. வாழ்க மன்னர்.’ ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தால் போன் அதை ஒரு தடவைதான் திரையில் காட்டும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. பதிலை மட்டும் தடவைக்குத் தடவை அனுப்பும். தின்னப்பட்ட மானின் போன் புதருக்குள் கிடந்து ராஜாவை வாழ்த்திக்கொண்டே இருந்தது. வரிசையில் கடைசியாக, உள்ளே நுழைய இடமில்லாமல், ஒரு மந்தி அனுப்பிய ‘சிறுத்தை வருகிறது’ காத்துக்கொண்டிருந்தது.

பொற்கொடிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வயர் இழுத்தவள் அவள். ‘இனிமே உங்களுக்குக் கவலை இல்லை’ என்று மான்களிடம் சொன்னவளும் அவள்.

புல்வெளியைத் துண்டித்தபோதும் அதே கதைதான். மிச்சம் இருந்தது அரண்மனை வழி ஒன்றுதான். அதைத் துண்டிக்கக் கூர்மநாதனின் அனுமதி வேண்டும். அவர் தலையை வெளியே நீட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை போய் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடும். வியாழக்கிழமை, ராஜா சாப்பிட்டுக் குறட்டை விடத் தொடங்கியதும், அவள் யாரையும் கேட்காமல் அரண்மனை வயரைப் பிடுங்கினாள்.

காடு அப்படி ஒரு வேகத்தைக் கண்டதே இல்லை. ஐந்து நிமிஷத்தில் தேங்கிக் கிடந்ததெல்லாம் மடை திறந்தாற்போல் வந்து கொட்டியது. போன பொங்கலுக்கு அனுப்பிய வாழ்த்துகள் வந்தன. கூர்மநாதனை வேறு இடத்துக்கு மாற்றிய ஆணை ஒன்று வந்தது. அவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் அழித்தார். மான்களின் மனு வந்து சேர்ந்தது. அதில் கையெழுத்துப் போட்ட எழுபது பேரில் முப்பது பேர்தான் மிச்சம். ‘சிறுத்தை வருகிறது’ என்று நூற்றுக்கணக்கான செய்திகள் ஒரே நேரத்தில் வந்ததால், மான்கள் இல்லாத சிறுத்தைக்குப் பயந்து ஆற்றைத் தாண்டி ஓடின. இருந்த ஒரே சிறுத்தை பாறையில் படுத்து, பழைய மானைச் செரித்தபடி இந்த ஓட்டத்தை வேடிக்கை பார்த்தது.

பொற்கொடி வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, கருவியைப் பிடித்துக்கொண்டு அரண்மனை வாசலை நோக்கி நகர்ந்தாள். சிக்னல் ஏறிக்கொண்டே போனது. குகைக்குள் போக வேண்டியிருக்குமோ என்று பயந்தாள். வாசலிலேயே கருவியின் முள் உச்சிக்குப் போய் நின்றது. அங்கே இருந்தது ஒரு தேக்குப் பீடம். அதன் மேல் கல்வெட்டு. ‘காட்டு வலையை மாமன்னர் தொடங்கிவைத்த இடம்’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது.

பீடத்தில் அலகால் ரெண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டது. அந்த ஓட்டை அவளே போட்டதுதான் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் திறப்பு விழாவுக்கு முதல் நாள், ஒப்பந்தக்காரர் கோதண்டம் சொல்லி அவள் கொத்திய பொந்து. சுற்றிப் போய்ப் பின்பக்கப் பலகையை நெம்பினாள்.

உள்ளே ஒரு பெட்டி இருந்தது. ஜிகினாத் தாள், காய்ந்து சருகான சாமந்தி மாலை. ராஜா அழுத்தித் தொடங்கிவைப்பதற்காகக் கோதண்டம் ஏற்பாடு செய்த பொத்தான் பெட்டி. அழுத்தினால் காடு முழுக்கச் செய்தி போகும். எல்லாப் போனிலிருந்தும் வாழ்த்து வரும். வாழ்த்தின் எண்ணிக்கை ராஜாவின் குகைச் சுவரில் பெரிய பலகையில் ஓடும். அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, பொத்தானுக்குச் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்கள். ஈரச் சந்தனத்தின் மேல் ராஜா ஓங்கி அழுத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். சாப்பாட்டுப் பந்திக்கு ஓடினார்கள். சந்தனம் காய்ந்தது. உள்ளே போன பொத்தான் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெட்டி காட்டு வலையைத் தொடங்கிவைத்துக்கொண்டே இருக்கிறது. பதிவேடு எழுத ஆரம்பித்தது விழாவுக்கு மறுநாள். அதனால் பெட்டி அதில் இல்லை. கல்வெட்டைக் கழற்றிப் பார்க்கிற வழக்கம் அந்தக் காட்டில் கிடையாது. எதையும் திறந்துவைப்பார்கள், அத்தோடு சரி.

அலகால் நாலு சுரண்டு சுரண்டினால் சந்தனம் உதிர்ந்துவிடும். பொத்தான் மேலே வந்துவிடும். எல்லாம் முடிந்துவிடும். அவள் அலகைக்கூட நீட்டிவிட்டாள். பிறகு முட்டை ஞாபகம் வந்தது. சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டால் கண்டுபிடித்ததற்கு என்ன சாட்சி? ஆணையில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? பலகையை அப்படியே மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

“கண்டுபிடிச்சிட்டேன். நாளைக்கு ராஜா முன்னாடி சொல்லப்போறேன்” என்றாள் புருஷனிடம்.

அவன் முட்டை மேலிருந்து எழாமலே கேட்டான். “யாரோடதாம்?”

“ராஜாவோடது.”

“காட்டெருமையோடதா இருந்திருக்கக் கூடாதா?” என்றான்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. ராஜா சாய்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் அந்தப் பலகை ஓடிக்கொண்டிருந்தது: ‘மன்னருக்கு இதுவரை வந்த வாழ்த்துகள்: இரண்டாயிரத்து நூறு கோடி.’ ராஜா பேசும்போதெல்லாம் அதைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார். கூர்மநாதன் கையில் பணி நிரந்தர ஆணையை வைத்திருந்தார். ஓரமாகக் கோதண்டம் நின்றது. அது உடும்பு, பிடித்த ஒப்பந்தத்தை விட்டதாகச் சரித்திரமே இல்லை.

பொற்கொடி நடந்ததையெல்லாம் சொன்னாள். புதருக்குள் கிடந்த போன், பீடம், பெட்டி, சந்தனம்.

ராஜா மெதுவாகத் திரும்பிப் பலகையைப் பார்த்தார். “அப்ப இது?”

“அது அந்தப் பெட்டி கேட்டதுக்குப் போனெல்லாம் சொல்ற பதில், ராஜா. யாரும் கையால வாழ்த்தினது இல்ல.”

“ஒருத்தருமா?”

“செத்துப்போன மானோட போனும் வாழ்த்துது, ராஜா.”

இந்த இடத்தில் ராஜா மனம் திருந்தி, பெட்டியை உடைக்கச் சொல்லி, மரங்கொத்திக்குப் பரிசு கொடுத்தார் என்று முடிகிற கதைகள் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்ல அவை உதவும். இங்கே ராஜாவின் பிடரி சிலிர்த்தது. கூர்மநாதன் தலையை இழுத்துக்கொண்டார். கோதண்டம் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தது.

“மகாராஜா, இந்த அம்மா உழைப்பாளி. ஆனா ஒண்ணைக் கவனிக்கணும். தேடச் சொன்னது அடையாளம் தெரியாத சாதனத்தை. ராஜா தன் கையால தொட்டுத் தொடங்கிவச்ச பெட்டி எப்படி அடையாளம் தெரியாததாகும்? காட்டுல அதை அறியாதவங்க உண்டா? பதிவேட்டுல ஏத்தாம விட்டது ஆபீஸ் தப்பு. இப்ப ஏத்திரலாமே.”

கூர்மநாதனின் தலை படக்கென்று வெளியே வந்தது. அந்த ஆமை அவ்வளவு வேகமாக எதையும் செய்து யாரும் பார்த்ததில்லை. பதிவேட்டை விரித்து, முதல் பக்கத்தில் ஒன்றாம் எண்ணுக்கு மேலே இடுக்கி எழுதினார்: ‘மாமன்னரின் திருப்பெட்டி.’

“ஏத்தியாச்சு மகாராஜா. இப்ப மொத்தம் நாலாயிரத்து நூற்றுப் பதிமூணு.”

“வயர்ல எத்தனைன்னு இந்த அம்மா சொன்னாங்க?” என்றது கோதண்டம், தெரியாததுபோல.

“பதினாலு” என்றார் கூர்மநாதன்.

“அப்ப ஒண்ணு இன்னும் பிடிபடலையே. அது யார்கிட்ட இருக்கு?”

கூர்மநாதன் கோப்பைப் புரட்டினார். திங்கட்கிழமை அறிக்கையை முதல் முறையாகப் படித்தார். சத்தமாகப் படித்தார். ‘ஒன்று என்னுடைய சோதனைக் கருவி.’ கீழே பொற்கொடியின் கையெழுத்து.

“சார்! அதைப் பதியச் சொல்லி எத்தனை தடவை கேட்டேன்!”

“நீ கேட்டது உண்மைதாம்மா. நான் இல்லேங்கலையே. பதியலைங்கறதும் உண்மைதானே.”

சபை நிம்மதியாக மூச்சு விட்டது. குற்றவாளி கிடைத்துவிட்டாள், அதுவும் எழுத்து மூலமாக. யானையைக் கூப்பிட்டுக் கருவியை மிதிக்கச் சொன்னார்கள். அது மிதித்தது. பொற்கொடி சிதறிய துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழக் கூடாது என்று இருந்தாள். ஆணையைக் கூர்மநாதன் நாலாகக் கிழித்தார். பதினைந்து நாளில் பொந்தைக் காலி செய்ய வேண்டும் என்று வாயாலேயே சொன்னார். ராஜா கேட்ட வீடியோவுக்காகக் கோதண்டம் குகைக்கு மட்டும் தனி வயர் இழுத்துக் கொடுத்தது. தூரதேசத்துச் சிங்கம் அந்தரத்திலிருந்து இறங்கி, எருமையைக் கடித்தது. ராஜா மகிழ்ந்தார். காட்டில் நெட் இருந்தபடியே இருந்தது.

எட்டாம் நாள் முட்டைகள் பொரிந்தன. இறகுகூட முளைக்காத ரெண்டு குஞ்சுகள். பறக்க இன்னும் மூன்று வாரமாவது வேண்டும். கையில் இருந்தது ஒரு வாரம். பொற்கொடி வேறு மரம் தேடிப் போய்ப் போய் வந்தாள். எல்லா மரத்திலும் ஒரு பெட்டி, ஒரு எண், ஒரு பலகை: ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்.’

பத்தாம் நாள் கோதண்டம் வந்து மரத்தடியில் நின்றது. “அம்மா, வர்ற புதன்கிழமை விழா. ‘அந்நியச் சாதன ஒழிப்பு நிறைவு விழா’. வாசலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பீடம் வைக்கிறோம். ஒரு பொந்து கொத்தணும். பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க.”

“உள்ள என்ன வைக்கப் போறீங்க?”

“பொத்தான்தான். ராஜா அழுத்துவார்.”

“எந்த வயர்ல மாட்டுவீங்க?”

“ராஜாவோட தனி வயர்லதான். அதுதானே வேகமா இருக்கு? வாழ்த்து சட்டுனு வந்து குவியணும் பாருங்க.”

பொற்கொடி கீழே பார்த்தாள். உள்ளே திரும்பிக் குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு, “கொத்தித் தர்றேன். சந்தனம் மட்டும் நானே குழைச்சு வைக்கிறேன். போன தடவை சரியா வைக்கலை” என்றாள்.

“உங்க மனசு யாருக்கு வரும்!” என்றது கோதண்டம்.

புதன்கிழமை மேளம் முழங்கியது. ராஜா பொன்னாடையோடு வந்தார். பொற்கொடி அதிகாலையிலேயே வந்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கொஞ்சம் வேங்கைப் பிசினும் சேர்த்து, பொத்தானைச் சுற்றிலும் இடுக்கு விடாமல் தாராளமாக அப்பியிருந்தாள். நடுவில் குங்குமம், பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. ராஜா பாதத்தைத் தூக்கினார்.

“நல்லா அழுத்திப் பிடிங்க, ராஜா. காடு முழுக்கக் கேக்கணும்” என்றாள் பொற்கொடி.

ராஜா அழுத்தினார். நன்றாக அழுத்தினார். எல்லாரும் கை தட்டிவிட்டுப் பந்திக்கு ஓடினார்கள்.

மறுநாள் மத்தியானம் தூரதேசத்துச் சிங்கம் மறுபடியும் அந்தரத்தில் நின்றது. கர்ஜனை கேட்டது. இந்த முறை விடிய விடிய ஓயவில்லை. கருவியும் இல்லை, கருவியைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் இல்லை என்று அப்போதுதான் கூர்மநாதனுக்கு உறைத்தது. காலி செய்யச் சொன்ன நாளுக்கு முந்தின நாள், அவரே வேங்கை மரத்தடிக்கு நடந்து வந்தார். கிளம்பியது காலையில், வந்து சேர்ந்தது சாயங்காலம்.

“பொற்கொடி, புதுசா ஏதோ அடையாளம் தெரியாத சாதனம் வந்திருக்கும்மா. தேடணும்.”

“தேடலாம் சார். ஆனா இது லேசுல சிக்குற மாதிரி தெரியல. ஆறு மாசம், ஒரு வருஷம்னு ஒப்பந்தம் போட்டா முடியாது.”

மறுநாளே ஆணை வந்தது. நிரந்தரத் தேடுதல் அலுவலர். குடியிருப்புப் பொந்து, ஓய்வூதியம், அலுவலகமே வாங்கிப் பதிந்து கொடுத்த புதுக் கருவி. அந்தக் கருவியை அவள் உறையிலிருந்து எடுக்கவே இல்லை. தினமும் காலையில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவாள். அரண்மனை வாசல் பக்கம் மட்டும் போகமாட்டாள். மாதம் ஒருமுறை ராஜா கூப்பிட்டுக் கேட்பார்.

“நெருங்கிட்டேன், ராஜா” என்பாள்.

குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. அவற்றுக்கும் அதே அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மந்திகள் இன்றைக்கும் கிளையில் குந்திக்கொண்டு, எழுத்துப்பிழை இல்லாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. புல்வெளிப் பக்கம் போனால் புதருக்குப் புதர் பச்சை விளக்குகள் மினுக்குவதைப் பார்க்கலாம். மான்களைத்தான் காணோம்.

நீதி: கண்டுபிடித்தவருக்கு வேலை போகும், தேடிக்கொண்டே இருப்பவருக்கு ஓய்வூதியம் கிடைக்கும். ஆகவே குழந்தைகளே, சந்தனத்தை எப்போதும் தாராளமாக வையுங்கள்.